அடுக்கின் நடுவில் எவ்வளவு சூடு? கிருஷ்ணகிரியில் ஒரு சவ்வுத் தயாரிப்பின் நிகழ்வு ஆய்வு

ஓவனை அணைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே இருந்தது, தண்ணீரிலிருந்து ஃபுளோரைடைப் பிரிக்கும் சவ்வுக்கான ஷீட்டுகளின் அடுக்கு. முள் இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. 80 டிகிரியில் வைத்த பெட்டி 88 காட்டியது. பிறகு 93. பிறகு 96. மின்சாரமே பாயாத ஒரு பெட்டி தானாகச் சூடேறுகிறது என்றால், சூடு உள்ளே இருக்கும் சரக்கிலிருந்து வருகிறது என்று பொருள். கதவிடுக்கிலிருந்து ஒரு நெடி கிளம்பியது. சவ்வின் மூலப்பொருளான ஸ்டைரீன் திரவத்தின் இனிப்பு கலந்த வாடை எங்களுக்குப் பழகியது. இது அது இல்லை. உப்பு அமிலப் பாட்டிலைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அந்த எரிச்சல். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஓவன் கதவைத் தொடாமல், ஷெட்டின் இரண்டு பக்க ஷட்டரையும் ஏற்றிவிட்டு, எதிரே வேப்ப மரத்தடியில் நின்றோம். பெட்டி ஆற இரவு பத்தரை ஆனது.

மறுநாள் காலை அந்த அடுக்கை வெளியே எடுத்து ரம்பத்தால் குறுக்கே அறுத்தோம். 240 ஷீட் ஒன்றின் மேல் ஒன்றாக, மொத்தம் 60 மி.மீ. தடிமன். வெட்டுமுகத்தில் மேலும் கீழும் பாலாடை நிறம். உள்ளே போகப் போகத் தேன் நிறம், பிறகு வெல்லப்பாகு நிறம், சரியாக நடுவில் கருப்பு. அந்தக் கருப்புப் பகுதி முழுக்கப் பொத்தல்கள். விரலால் அழுத்தினால் நொறுங்கியது. ஷீட்டுகளுக்கு இடையில் போட்டிருந்த பாலியெஸ்டர் ஃபிலிம் அங்கே சுருங்கி ஒட்டிப் போயிருந்தது. ஓரங்களிலும் மேல்கீழ் முகங்களிலும் இருந்தவை மட்டும் தேறின.

யாருக்கும் காயம் இல்லை. அதை எங்கள் முன்னேற்பாட்டின் பலன் என்று சொல்ல முடியாது. ஸ்டைரீனின் தீப்பற்று நிலை 31 டிகிரி. கோடையில் எங்கள் ஷெட்டின் நிழலே அதைத் தாண்டும். காற்றில் ஏறத்தாழ 1 சதவீதம் ஆவி சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த ஓவனில் இருந்ததோ திறந்த ஹீட்டர் காயில். இதைப் படிப்பவர்களில் யாராவது இதே வேலையைச் சிறிய அளவில் தொடங்கும் எண்ணத்தில் இருந்தால், இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எதற்காக இந்தச் சவ்வு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஃபுளோரைடு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அம்மா சிரிக்கும்போது கை தானாக வாயை மூடும். பல்லில் பழுப்புக் கோடுகள். அவர் ஊரில் அவர் வயதுப் பெண்கள் பலருக்கும் அதே பழக்கம். பாறைக்குள்ளிருந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை. ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. ஆனாலும் குழாய்த் தண்ணீர் வராத நாளில் மக்கள் போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள்.

அந்தப் போர்வெல் தண்ணீரை அங்கேயே சரிசெய்யும் வழிகளில் ஒன்று எலக்ட்ரோடயாலிசிஸ். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே இரண்டு வகைச் சவ்வுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடைவெளிகளில் தண்ணீரை ஓடவிட்டு, மின்சாரம் பாய்ச்சுவார்கள். சோடியமும் கால்சியமும் ஒரு பக்கம் இழுக்கப்படும். ஃபுளோரைடும் குளோரைடும் எதிர்ப்பக்கம் போகும். நேர் அயனிச் சவ்வு நேர் அயனியை (நேர் மின்சுமை கொண்ட சோடியம், கால்சியம் போன்றவற்றை) மட்டும் விடும், எதிர் அயனிச் சவ்வு எதிர் அயனியை மட்டும் விடும். அதனால் ஒரு வாய்க்காலில் நல்ல தண்ணீரும் அடுத்த வாய்க்காலில் உப்பு சேர்ந்த தண்ணீரும் வந்துகொண்டே இருக்கும். நேர் அயனிச் சவ்வு மட்டமாக இருந்தால் பக்கத்து வாய்க்காலின் ஃபுளோரைடு அதன் வழியே கசிந்து நல்ல தண்ணீருக்குள் திரும்ப வந்துவிடும். சவ்வின் தரம் என்று நான் பேசுவதெல்லாம் கடைசியில் இந்தக் கசிவைப் பற்றித்தான்.

நாங்கள் ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய கூடம். ஒரு கருவிக்கு 100 ஜோடிச் சவ்வு வேண்டும். இரண்டு கருவிக்குக் கேட்டிருந்தார்கள். கழிவுக்கும் சேர்த்து நேர் அயனிச் சவ்வு 240 ஷீட் என்று கணக்குப் போட்டோம்.

செய்முறை

நெய்த பிவிசி துணி. அதன் மேல் ஒரு பேஸ்ட். பேஸ்டில் ஸ்டைரீன், சங்கிலிகளைக் குறுக்கே கட்டிப்போடும் டைவினைல் பென்சீன், கெட்டிப்படுத்தப் பிவிசி தூள், வளையும் தன்மைக்கு இளக்கி, வினையைத் தொடங்கி வைக்க பென்சாயில் பெராக்சைடு. துணியில் பேஸ்டைத் தேய்த்து, காற்றுப் படாமல் இரு பக்கமும் பாலியெஸ்டர் ஃபிலிம் ஒட்டி, சூட்டில் வைத்தால் ஸ்டைரீன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டு, அதாவது பாலிமராகி, இறுகும். பிறகு அந்த ஷீட்டை அடர் கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் நேர் அயனிகளை ஈர்க்கும் சல்ஃபோனிக் தொகுதிகள் ஏறி அது நேர் அயனிச் சவ்வாகும். இது பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் முறை. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் பாலித்தீனை அடிப்படையாக வைத்து இதற்கு நெருங்கிய இன்னொரு வழியில் சவ்வு செய்கிறது.

சோதனைக் கட்டத்தில் நாங்கள் செய்தது ஒரே ஒரு ஷீட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஓர் இரவு. அருமையாக வந்தது. பத்து முறை செய்தோம், பத்தும் அப்படியே. அந்த நம்பிக்கையில், 40-க்கு 40 செ.மீ. அளவில் 240 ஷீட்டையும் ஒன்றாக அடுக்கி, மேலே கனமான இரும்புத் தகடு வைத்து, ஓவனில் அதே 80 டிகிரிக்கு வைக்கச் சொன்னேன். அந்த முடிவு என்னுடையது. சூடு அதே, நேரம் அதே, சரக்கு அதே, ஆகவே விளைவும் அதே என்று நினைத்தேன்.

காலை பத்து மணிக்கு உள்ளே போனது. பிற்பகல் மூன்றே முக்காலுக்கு முள் 80-ஐத் தாண்டியது.

தவறான இடங்களில் தேடியது

முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டோம். ஆள் வந்து பார்த்தார், ஒரு டிகிரிகூடப் பிசகவில்லை. அடுத்து பெராக்சைடின் எடை. அது ஈரத்தோடுதான் வரும். காய்ந்த பென்சாயில் பெராக்சைடு வெடிக்கக்கூடியது என்பதால் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தே விற்கிறார்கள். ஈரம் குறைந்து மருந்து கூடிவிட்டதோ என்று டைட்ரேஷன் செய்து பார்த்தோம். அதுவும் சரி. ஸ்டைரீனைக் காரநீரில் கழுவி, அது தானாக இறுகாமலிருக்கச் சேர்த்திருக்கும் தடுப்பானை நீக்கியது, டைவினைல் பென்சீனின் தூய்மை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்று வாரம் போனது.

எங்களிடம் பூச்சு வேலை பார்க்கும் அக்கா முன்பு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் பழுக்கவைக்கும் கொட்டகையில் பல வருடம் இருந்தவர். கிருஷ்ணகிரிச் சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும் இடம். அறுத்த அடுக்கு மேஜை மேலேயே கிடந்தது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்:

"இது நடுவுல வெந்து போயிருக்குங்க மேடம். காயைக் குவியலாப் போட்டா இப்படித்தான் ஆவும். மேல இருக்கறது பச்சையா இருக்கும், கையை உள்ள விட்டா அடுப்பு மாதிரி சுடும், நடுவுல இருக்கறதெல்லாம் அழுகிப் போயிரும். அதான் கிரேட்ல போட்டு, நடுநடுவுல சந்து விட்டு வெப்போம்."

"வெளியில எவ்வளவு சூடுன்னு பாப்பீங்களா அக்கா?"

"வெளியில பாத்து என்ன பண்றதுங்க? உள்ளதான் கையை விட்டுப் பாக்கணும்."

பழுக்கும் மாங்காய் மூச்சு விடுகிறது, மூச்சில் சூடு வருகிறது, குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. சூடேறச் சூடேற இன்னும் வேகமாகப் பழுக்கிறது, இன்னும் சூடு. வேதியியல் வேறு, கணக்கு ஒன்றுதான். நாங்கள் சுவரில் தொங்கிய முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுக்கின் நடுவில் என்ன நடக்கிறது என்று அளக்க எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

கணக்கு

ஸ்டைரீன் பாலிமராகும்போது மோலுக்கு ஏறத்தாழ 70 கிலோ ஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு மோல் 104 கிராம். ஆக, ஒரு கிலோ ஸ்டைரீனுக்கு சுமார் 670 கிலோ ஜூல். 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது.

எங்கள் அடுக்கின் எடை ஏறத்தாழ 10 கிலோ. துணி, பிவிசி, இளக்கி, ஃபிலிம் எல்லாம் போக, வினை புரியும் சரக்கு அதில் 4 கிலோ. மொத்தம் 2.7 மெகா ஜூல். இந்த வெப்பத்தில் ஒரு துளியும் வெளியேறாவிட்டால் அடுக்கு 160 டிகிரிக்கு மேல் சூடேறும். தொடங்கியது 80-இல் என்றால் போய்ச் சேரும் இடம் 240. ஸ்டைரீன் 145 டிகிரியில் கொதிக்கும். பொத்தல்கள் அதனால் வந்தவை. அந்தச் சூட்டில் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடை விட்டுவிட்டுக் கருகும். நாங்கள் முகர்ந்த நெடியும் வெட்டுமுகத்தில் பார்த்த வெல்லப்பாகு நிறமும் அதுதான்.

அப்படியானால் ஒற்றை ஷீட்டில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இதுதான் இந்த நிகழ்வின் மையம். பிளாஸ்டிக் வழியாக வெப்பம் மிக மெதுவாகத்தான் நகரும். நடுவில் பிறந்த வெப்பம் வெளியே வர ஆகும் நேரம், பாதித் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. எங்கள் ஒற்றை ஷீட்டுக்கு அந்த நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. 60 மி.மீ. அடுக்குக்கு இரண்டரை மணி நேரம்.

இதை மருந்தின் வேகத்தோடு ஒப்பிட வேண்டும். பென்சாயில் பெராக்சைடில் பாதி சிதைய 73 டிகிரியில் 10 மணி நேரம் ஆகும். 91 டிகிரியில் ஒரு மணி நேரம். 130 டிகிரியில் ஒரே நிமிடம். வெப்பம் வெளியேற இரண்டரை மணி நேரம் வேண்டும், அதற்குள் நடுப்பகுதி 91-ஐத் தொட்டால் மருந்தின் பெரும்பங்கு அங்கேயே சிதைந்து முடிந்துவிடும். சூடு 10 டிகிரி ஏறினால் பாலிமராகும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். வெளியேறும் வெப்பமோ சூட்டு வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். ஒன்று பெருக்கலில் ஓடுகிறது, மற்றது கூட்டலில் நடக்கிறது. இந்த வினைக்கு, சுற்றுப்புறத்தைவிட நடுப்பகுதி பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடினால் அதற்குப் பிறகு வெளியேற்றம் எட்டிப் பிடிக்காது. நாங்கள் ஓவனை அணைத்தபோது நடுப்பகுதி அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது. சுவிட்சுக்கும் அந்தச் சூட்டுக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பேஸ்ட் இறுக இறுக, வளரும் சங்கிலிகள் அசைய முடியாமல் போகின்றன. இரண்டு சங்கிலிகள் சந்தித்து முடிந்துபோவது குறைகிறது. ஆனால் சிறிய ஸ்டைரீன் மூலக்கூறுகள் நழுவி வந்து சேர்வது நிற்பதில்லை. அதனால் பாதி வழியில் வேகம் சட்டென்று பல மடங்கு கூடும். ஐந்தரை மணி நேரம் சாதுவாக இருந்த அடுக்கு கடைசியில் ஏன் அப்படித் திமிறியது என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், முதல் இரண்டு மூன்று மணி நேரம் நடுப்பகுதி ஓவனைவிடக் குளிர்ந்தே இருந்திருக்கும். வெப்பம் உள்ளே போகவும் அதே இரண்டரை மணி நேரம் வேண்டுமல்லவா. அந்த அமைதியை நாங்கள் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம்.

வாளி

அன்றைய தினத்தின் இரண்டாவது ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூச்சு போக மிஞ்சிய 4 கிலோ பேஸ்ட் மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளியில் இருந்தது. குளிர்ந்தால் கெட்டியாகித் தேய்க்க வராது என்று யாரோ நல்ல எண்ணத்தில் அதை ஓவனின் பக்கச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மூலையில் 55 டிகிரி வரை இருக்கும். வெளியே நின்றபோது அக்காவுக்குத்தான் அது நினைவுக்கு வந்தது. முகமூடி போட்டு இருவர் உள்ளே போய்த் தூக்கி வந்தார்கள். மூடி உப்பியிருந்தது. கையுறை வழியாகவே சுட்டது. முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய சிமென்ட் தொட்டிக்குள் வாளியை இறக்கி, தடுப்பானை ஊற்றிக் கிளறி, தண்ணீரை மாற்றி மாற்றி விட்டோம். ஒரு மணி நேரத்தில் அடங்கியது.

2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் சேமிப்புத் தொட்டி ஒன்று இப்படித் தானாகச் சூடேறி ஆவியைக் கக்கியது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அங்கே பெராக்சைடுகூட இல்லை. தடுப்பான் குறைந்துபோன ஸ்டைரீன், கோடை, ஊரடங்கில் நகராமல் கிடந்த சரக்கு, இவ்வளவுதான். தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் சூடு அளந்தார்கள், மேல் அடுக்கு எவ்வளவு சூடானது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த விசாரணை விவரங்களை விபத்து நடந்த வருடமே படித்திருந்தேன். படித்தும், என் அடுக்கின் நடுவில் சூடு அளக்கும் ஒரு கம்பி வைக்கத் தோன்றவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்போது எங்கள் விதி: காலையில் கலக்கிய பேஸ்ட் அன்றைய பூச்சுக்கு மட்டும். 1 கிலோவுக்கு மேல் ஒரே பாத்திரத்தில் இருக்கக் கூடாது. மிஞ்சினால் அகலமான டிரேயில் மெல்லிசாகப் பரப்பி, தடுப்பான் கலந்து, ஷெட்டுக்கு வெளியே.

மாற்றிப் பார்த்தது

அடுத்த இரண்டு மாதம் சோதனைகள். ஒவ்வொரு அடுக்கிலும் நடு ஷீட்டைக் காவு கொடுத்து அங்கே ஒரு மெல்லிய தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) வைத்தோம். சூட்டை 80-இலிருந்து 70-ஆகக் குறைத்தோம். 70-இல் வேகம் பாதிக்கும் கீழ்.

முதலில் 40 ஷீட், 10 மி.மீ. அடுக்கு, அதே ஓவன் பெட்டியில், காயிலைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடாக்கினோம். இந்தத் தடிமனில் வெப்பம் நடுவிலிருந்து மேற்பரப்புக்கு வர நான்கு நிமிடம் போதும். ஆகவே பிரச்சினை இருக்காது என்று எதிர்பார்த்தேன். நடுப்பகுதி 12 டிகிரி கூடியது. அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரி எல்லையிலேயே நின்றது.

ஏன் என்று புரிய ஒரு நாள் ஆனது. வெப்பம் மேற்பரப்புக்கு வந்துவிட்டது, அங்கிருந்து போக இடம் இல்லை. அசையாத காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்வதில் மிக மோசம். அதே 40 ஷீட் அடுக்கை நீர் புகாத பையில் போட்டு 70 டிகிரி தண்ணீரில் அமிழ்த்தினோம். நடுப்பகுதி 3 டிகிரிகூடக் கூடவில்லை. தண்ணீரில் 80 ஷீட் வைத்தபோது 9 டிகிரி. மடங்கு இரண்டு, ஏற்றம் மூன்று மடங்குக்கு மேல். வர்க்கக் கணக்கு கண்ணுக்கு முன்னால் நடந்தது. 40-லேயே நின்றுவிட்டோம்.

சோதனைக் கூடத்தில் ஒற்றை ஷீட் நன்றாக வந்ததற்கு அது மெல்லிசாக இருந்தது மட்டும் காரணம் இல்லை, தண்ணீருக்குள் இருந்ததும் காரணம். அளவைப் பெருக்கியபோது தெரியாமலேயே இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தோம்.

இப்போது இருப்பது 200 லிட்டர் தொட்டி. அதில் ஆறு அடுக்குகள் செங்குத்தாக, இரண்டிரண்டு அங்குல இடைவெளியில், ஒரு ஸ்டீல் சட்டத்தில் நிற்கும். எங்கள் ஆட்கள் அதை இட்லித் தட்டு என்கிறார்கள். தண்ணீரை ஒரு சிறிய பம்ப் சுழற்றிக்கொண்டே இருக்கும். 70 டிகிரியில் 16 மணி நேரம். பிறகு 80-இல் 4 மணி நேரம். கடைசியில் மிஞ்சிய ஸ்டைரீனை முடிக்க 95-இல் 3 மணி நேரம். முதல் கட்டம் முடியாமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது. முடிந்ததா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. நடுத் தெர்மோகப்பிளும் தண்ணீரும் ஒரு டிகிரிக்குள் வந்து ஒரு மணி நேரம் அப்படியே நின்றால்தான் முடிந்தது.

தண்ணீர் எனக்குத் தந்த பெரிய நிம்மதி வேறு. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 240 ஷீட்டின் மொத்த வெப்பம் 2.7 மெகா ஜூல் என்றேன். 200 லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த 0.84 மெகா ஜூல் வேண்டும். பம்ப் நின்று, யாரும் பக்கத்தில் இல்லாமல், எல்லா வெப்பமும் ஒரே நேரத்தில் வெளிவந்தாலும் தொட்டி மூன்று டிகிரிக்கு மேல் அவ்வளவாக ஏறாது. அலாரம் கெட்டுப்போகலாம், ஆள் தூங்கிவிடலாம். தண்ணீர் அங்கேயே இருக்கும்.

அமிலத் தொட்டியில் மீண்டும் அதே பாடம்

இறுகிய ஷீட்டை 98 சதவீதக் கந்தக அமிலத்தில் 60 டிகிரியில் ஊறவைக்கிறோம். இந்த வினையும் வெப்பம் உமிழ்வதுதான், ஆனால் அமிலம் ஏராளமாக இருப்பதால் அது பெரிய தொல்லை தரவில்லை. தொல்லை தந்தது கழுவுதல்.

முதல் முறை அமிலத்திலிருந்து எடுத்த ஷீட்டை நேராகத் தண்ணீரில் போட்டோம். இலேசாகச் சடசடவென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் வறண்ட ஏரி மண்போல வெடிப்புகள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று பள்ளியிலேயே படிக்கிறோம். நாங்களும் அமிலம் தோய்ந்த ஷீட்டைத் தண்ணீரில்தான் போட்டோம். ஆனால் ஷீட்டின் பக்கம் நின்று யோசித்தால் விஷயம் தலைகீழ். அமிலம் ஷீட்டுக்குள் இருக்கிறது, தண்ணீர்தான் உள்ளே நுழைகிறது. நிறையத் தண்ணீரில் கரையும்போது அடர் கந்தக அமிலம் கிலோவுக்கு ஏறத்தாழ 700 கிலோ ஜூல் வெப்பம் தரும். ஸ்டைரீன் பாலிமராகும்போது வருவதற்குச் சற்றும் குறைவில்லை. அதோடு ஷீட் தண்ணீரை உறிஞ்சி ஒரே மூச்சில் உப்பவும் பார்க்கிறது. சூடும் உப்பலும் சேர்ந்து கிழித்துவிடுகின்றன.

இப்போது 80, 60, 40, 20 சதவீத அமிலத் தொட்டிகள் வழியாக, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் நிறுத்தி, கடைசியில் தண்ணீர். அமிலக் கழுவுநீரைச் சுண்ணாம்பால் சமன்செய்தே வெளியே விடுகிறோம்.

எதிர் அயனிச் சவ்வுக்குச் சரக்கு வேறு, ஸ்டைரீனுக்குப் பதில் வினைல்பென்சைல் குளோரைடு. அடுக்கு விதி அதே 40.

தேறியது என்ன

சவ்வின் அயனி மாற்றுத் திறனை, அதாவது ஒரு கிராம் சவ்வு எவ்வளவு அயனியைப் பிடித்து மாற்றும் என்பதை, அளப்பது எளிது. அமில வடிவில் இருக்கும் துண்டை உப்புநீரில் ஊறவைத்து, வெளிவரும் அமிலத்தைக் காரத்தால் டைட்ரேஷன் செய்வோம். கருகிய அடுக்கின் மேல் ஷீட்டுகளில் கிராமுக்கு 1.9 மில்லி ஈக்விவலண்ட் இருந்தது. நடுவை நெருங்க நெருங்கக் குறைந்து, சோதிக்க முடிந்த கடைசித் துண்டில் 0.8. புதிய முறையில் ஒரு அடுக்கின் மேல், நடு, கீழ் ஷீட்டுகள் மூன்றும் 1.8-க்கும் 1.95-க்கும் இடையில் இருக்கின்றன. நிறத்தில் வித்தியாசமே இல்லை. அக்கா முதல் நல்ல அடுக்கைப் பிரித்தபோது மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே பதமாப் பழுத்திருக்குங்க" என்றார்.

நேரம்தான் விலை. ஓவனில் ஓர் இரவில் முடிய வேண்டியது தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஆகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பூச்சு வேலையைக் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறோம். அதற்கு மேல் ஷெட்டில் ஸ்டைரீனைத் திறந்து வைப்பது சரியில்லை.

முதல் கருவி தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்துப் போர்வெல்லில் ஓடுகிறது. உள்ளே போகும் தண்ணீரில் லிட்டருக்கு 3.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. வெளியே வருவதில் 0.8. உப்பு சேர்ந்த கழிவுநீரை ஆவியாக்கும் பாத்தியைச் சரியாகக் கட்ட வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது.

இப்போது அகலமான சவ்வு கேட்கிறார்கள், ஒரு மீட்டர் நீளத்துக்கு. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. வெப்பம் வெளியேறுவது குறுகிய திசையில்தான், தடிமன் 10 மி.மீ. தாண்டாதவரை நீளமும் அகலமும் கூடினால் தொட்டியும் தண்ணீரும் அந்த அளவுக்குக் கூடினால் போதும். ரோலாகக் கேட்டவர்களுக்குத்தான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. சுற்றிய ரோல் என்பது மறுபடியும் ஒரு குவியல், அதன் நடு எல்லாத் திசையிலும் மூடிக்கிடக்கும். நடுவில் கட்டைக்குப் பதிலாக வெந்நீர் ஓடும் ஸ்டீல் குழாய் வைத்து, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வெப்பத்தை இழுத்தால் முடியும் என்று கணக்கு சொல்கிறது. குழாயைப் பர்கூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்திருக்கிறோம். முதல் முறை 40 சுற்று மட்டும், மூன்று தெர்மோகப்பிளோடு: குழாயை ஒட்டி ஒன்று, நடுச் சுற்றில் ஒன்று, வெளிச் சுற்றில் ஒன்று.